துண்டுக்குள் விரல்கள்

இன்று கம்பெனியில் என் கைகளுக்கு நேர் மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். "ஒண்ணுமில்லக்கா, நீங்க ஒயர் சொருகறதப் பாத்து மிசின் கத்துக்கும்" என்றார் சூப்பர்வைசர். ஒண்ணுமில்லை என்று ஆரம்பிப்பவர்களை நான் நம்புவதில்லை.

முன்பு இதே இடத்தில் கூடிய மாட்டுச் சந்தையில், தரகரான அப்பா துண்டுக்குள் கைவிட்டு, வாங்க வந்தவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை வாராவாரம் பார்த்து, வீட்டில் தங்கையின் கைமேல் துண்டைப் போட்டு அப்படியே செய்வேன். புருவம் நெரிவதும், விலை படிந்ததும் தோள் மெல்லத் தாழ்வதும் அச்சு அசல் அப்பாதான். "தோளு சரி, வெரலு என்ன பண்ணுச்சு சொல்லு?" என்று அப்பா சிரிப்பார். அந்த விரல் கணக்கைக் கடைசிவரை காட்டவில்லை.

"மிசின் கத்துக்கிட்டா நான் எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

சூப்பர்வைசரின் தோள் மெல்லத் தாழ்ந்தது.