ஒத்திகையில் நோயாளியாகப் படுத்தவர்

தேவராஜ் இறந்த செய்தியைப் பேரணாம்பட்டிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் சொன்னாள். "மேடம், அப்பா தூக்கத்துலயே போய்ட்டாரு." எனக்கு அழக்கூட வரவில்லை.

வேலூரில் எங்களோடு கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு வார்டு உதவியாளர் தேவராஜை நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், கோபால்ட் இயந்திரத்தின் கதிர்மூலம் தன் உறைக்குள் திரும்பாமல் சிக்கி, நோயாளி மேல் கதிர் வீசிக்கொண்டே இருந்தால் என்ன செய்வதென்று குழுவுக்கு ஒத்திகை நடத்தினோம். நோயாளியாகப் படுக்க அவர் ஒப்புக்கொண்டார். தலை அசையாதபடி முகமூடி மாட்டி மேசையோடு பிணைப்போம். அபாய மணி அடித்ததும் ஓடிப்போய் அவிழ்த்து, வெளியே கொண்டுவந்து, கதவை அடைக்க வேண்டும். கடிகாரமும் மதிப்பெண் தாளும் என் கையில்.

முதல் ஒத்திகையிலேயே முழு மதிப்பெண். எல்லாரும் கைதட்டினோம். தேவராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேகம் ஜாஸ்திதான் மேடம். ஆனா இன்னா நடக்குதுன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. பொய்னு தெரிஞ்சும் பயந்துட்டேன்."

தாளில் அதற்குக் கட்டம் இல்லை. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன்.

ஒருநாள் நிஜமாகவே சிக்கியது. மேசையில் குடியாத்தத்து நெசவுக்காரப் பெண் ஒருவர், கழுத்தில் கட்டி. பழகியபடியே நேரத்துக்குள் வெளியே கொண்டுவந்தோம். கதிர்வீச்சால் அவருக்குக் கேடு எதுவும் இல்லை. எங்கள் பயிற்சியை மேலிடம் பாராட்டியது. அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சிகிச்சைக்கு அவர் வரவில்லை.

தேவராஜ் தன் விடுமுறைகளில் மூன்று தடவை பஸ் ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். கடைசித் தடவை திரும்பி வந்து, "எல்லாரும் என்னை இழுத்துப் போட்டுட்டு ஓடுனாங்களே, அப்ப நான் பொழைக்க மாட்டேன்னுதானே அர்த்தம்னு அந்தம்மா கேக்குது மேடம். இனிமே வராது" என்றார். சில மாதங்களில் அந்தப் பெண் இறந்துபோனார். சிகிச்சையை முடித்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்.

அடுத்த ஒத்திகைக்குத் தேவராஜை அழைத்தேன். "சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். வேற ஆளப் பாத்துக்கங்க." குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிடத்தினோம். 'நோயாளியிடம் பேசினார்களா?' என்று தாளில் ஒரு கட்டம் சேர்த்தேன். அதிலும் எல்லாருக்கும் டிக் விழுந்தது. பொம்மையிடம் பேசினார்களாம்.

ஓய்வு பெறும்வரை, அறைக் கதவு மூடுமுன், உள்ளே என்ன சத்தம் கேட்கும், என்ன நடக்கும் என்று மேசையில் படுத்திருப்பவரிடம் நானே போய்ச் சொல்லிவந்தேன். தேவராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை அவரிடம் சொல்வதற்கு ஒருநாளும் பேரணாம்பட்டு போகவில்லை.