ஆண்டாயி சாணி பூசிய இச்சி மரம்

செந்துறைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அதன் ஏரிக்கரையில் இரண்டு இச்சி மரங்கள் நின்றன. இரண்டிலும் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டியிருந்தன. செத்த மாட்டைக் கரையில் போட்டால் பொழுது சாய்வதற்குள் எலும்பு மட்டும்தான் மிஞ்சும். கரையை ஒட்டி இருந்தது ஆண்டாயியின் வீடு ஒன்றுதான். களையெடுத்தும் கதிரறுத்தும் பிழைத்தவள் அவள்.

எழுபத்தெட்டில், கல்லங்குறிச்சிப் பங்குனித் திருவிழாவுக்குப் போகும் வழியில் ஒரு யானை எங்கள் ஊரில் தங்கியது. அந்த இச்சி மரங்களில் ஒன்றின் அடியில் இரண்டு நாள் கட்டிவைத்தோம். தும்பிக்கை எட்டிய உயரம் வரை சுற்றிலும் பட்டையை உரித்துத் தின்றது. பிள்ளையாரே தின்றார் என்று பூரித்துப்போனோம். ஐப்பசி மழைக்கும் அந்த மரம் துளிர்க்கவில்லை. காய்ந்த கிளைகளோடு கூடுகளும் விழுந்தன. "சனியன் தொலைஞ்சது" என்றவர்களில் நானும் ஒருவன்.

எண்பதில் அதே யானை வரப்போகிறது என்றதும் ஆண்டாயி ஊர்க்கூட்டத்துக்கு வந்து நின்றாள்.

"மிச்சம் ஒத்த மரந்தாங்க. அதுவும் பட்டுப்போச்சுன்னா கழுகு ஊர வுட்டே போயிரும். செத்த மாடு கெடந்து நாறும். யானைய வேற எடத்துல கட்டுங்க."

வேறு இடத்தில் நிழல் ஏது? எனக்கு வாய் நீளம். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பொணந்தின்னிக்கு என்னா வெல?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆடு மேயாமலிருக்க இளங்கன்றுகளுக்குச் சாணியைக் கரைத்துத் தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யானைக்கும் அதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது ஆண்டாயி ஒருத்திக்குத்தான். தொழுவம் தொழுவமாகப் போய்ச் சாணி அள்ளினாள். ஏணியை வாங்கிச் சாத்தி, இரண்டு நாள் அடிமரம் முழுக்கக் கையாலேயே மெழுகினாள். தன் ஆட்டுக்கென்று சேர்த்திருந்த சோளத்தட்டையையும் மரத்தடியில் கொண்டுவந்து போட்டாள். யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று அதற்கும் கேலி செய்தேன்.

யானை வந்தது. மரத்தைத் தும்பிக்கையால் தடவி, முகர்ந்து, புஸ்ஸென்று ஊதிவிட்டுத் திரும்பிக்கொண்டது. சோளத்தட்டையைத்தான் தின்றது. இரண்டு நாளும் பட்டையைத் தொடவில்லை. தட்டை தீரத் தீர அவள் சுமந்துகொண்டே இருந்தாள். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வைகாசியில் என் காளை நோயில் விழுந்து செத்தது. ஆண்டாயி வீட்டு வழியாகத்தான் இழுத்துப் போனோம். நோய் கண்ட மாடு அங்கே கிடந்து நாறினால் முதலில் அவளுக்குத்தான் கேடு. நாங்கள் கரையை விட்டு நகர்வதற்குள் இச்சி மரத்திலிருந்து கழுகுகள் இறங்கிவிட்டன. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எலும்புதான் கிடந்தது. வாசலில் நின்ற ஆண்டாயி என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "நல்ல உழவு மாடுங்க, பாவம்" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

அடுத்த பங்குனியில், யானை வருவதற்கு முந்தின நாள், ஒரு கூடை சாணியோடு நானே மரத்தடிக்குப் போனேன். ஏணியைச் சாத்திவிட்டு நின்றிருந்த ஆண்டாயி என்னைப் பார்த்தாள். பிறகு கூடையைப் பார்த்தாள். நான் தரையில் நின்றபடியே பூச ஆரம்பித்தேன்.

"மேல ஏறுங்க. யானை என்ன, ஒங்க ஒசரந்தானா?" என்றாள்.