உதாரண வாத்தியார் 'புட் ஆஃப்' நடத்திய மாலை

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் தன் வீட்டு முன்னறையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவரை எல்லோரும் உதாரண வாத்தியார் என்றார்கள். இட்டுக்கட்டிய வாக்கியம் அவர் வாயில் வராது. "நடக்காததைச் சொன்னா இங்கிலீஷ் ஒட்டாதுப்பா" என்பார். 'ரன் அவுட்' நடத்தியபோது அவர் வீட்டில் சர்க்கரை தீர்ந்தது தெருவுக்கே தெரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வகுப்பு உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை.

"நம்ம மானம் கோரஸா போகுது" என்பாள் மனைவி.

அன்று 'புட் ஆஃப்'. பிடிக்காமல் போகச் செய்வது என்ற அர்த்தத்துக்கு, மைத்துனரின் காலுறை நாற்றத்தில் தமக்குச் சோறு இறங்காமல் போனதைச் சொன்னார். வகுப்பு முழங்கியது. அடுத்து, ஒத்திப்போடுவது. உதாரணம் தேடினார். ஒன்றே ஒன்றுதான் வந்தது. கண்ணில் புரை இன்னும் முத்தவில்லை என்று டாக்டர் சொன்னதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். உண்மையில் டாக்டர் ஆபரேஷனுக்குக் கொடுத்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். பார்வை மங்கியதில், கரும்பலகையில் அவர் எழுதும் வரி கோணலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

குரலைத் தாழ்த்தி அந்த வாக்கியத்தைச் சொன்னார். வகுப்புக்குத் தாழ்த்தத் தெரியாது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய லாரி டிரைவர் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் கத்தினார்கள்: "சார் புட் ஆஃப் ஹிஸ் ஐ ஆபரேஷன் ட்வைஸ்!"

பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

சொன்னார்கள். உச்சரிப்பு இன்னும் நன்றாக இருந்தது.

"முத்தலைன்னு சொன்னீங்களே?"

"பயமா இருந்துச்சு. கண்ணைத் தொடுவாங்கல்ல?"

"தொடாம? போன்லயே பண்ணிடுவாங்களா?"

டிரைவர் சிரிப்பை இருமலாக மாற்றினார். "அக்கா, காலையில ஆஸ்பத்திரிப் பக்கம்தான் லோடு. ஏத்திட்டுப் போறேன்."

"வாப்பா. இந்தத் தடவை தேதிய நான் வாங்குறேன்."

"மூணாவது அர்த்தம் பாக்கி இருக்கு" என்றார் வாத்தியார்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலையில் லாரியில் டிரைவருக்கும் மனைவிக்கும் நடுவில் அவரை உட்காரவைத்தார்கள். கதவுப் பக்கம் அவள். ஆஸ்பத்திரி வாசலில் அவளே முதலில் இறங்கிக் கையை நீட்டினாள்.

"மெதுவா. படி உயரம்."

அவருக்குப் படி தெரியவில்லை. காலால் துழாவிக்கொண்டே, "இதுதான் மூணாவது அர்த்தம், வண்டியிலேருந்து இறக்கிவிடுறது" என்றார்.