ஜலகண்டாபுரத்திலிருந்து சேலத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம்

தறி உதிரி பாகம் விற்பது என் வேலை. சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வலைப்பூவிலும் இதுவரை அதைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதுவது ஒரு மாத்திரையைத் தேடிப் போன பயணத்தை. போன ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. இதே வழியில் உங்களில் யாராவது ஓட நேர்ந்தால் என்னைப் போல நேரத்தைத் தொலைக்கக் கூடாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுக்க முடியாவிட்டாலும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

காலை 7:10க்கு ஜலகண்டாபுரத்திலிருந்து என் தங்கை சரசு போன் செய்தாள்.

"அண்ணா, கார்த்தி சுருண்டு படுத்துக் கெடக்கறானுங்ண்ணா. கூட்டாளி போட்ட ஊசிய இவனும் போட்டுக்கிட்டானாமா. அந்தப் பையனுக்கு எச்.ஐ.வி. இருக்குதுன்னு நேத்துத்தான் தெரிஞ்சுதாம். நான் என்னங்ண்ணா பண்ணுவேன்?"

கார்த்தி அவள் மகன். பத்தொன்பது வயது, விசைத்தறி ஓட்டுகிறான். ஓராண்டாக வலி மாத்திரையை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம். சனிக்கிழமை காலையில்தான் சரசு அவனுடைய நூல் பெட்டியில் மூன்று புது ஊசிகளைக் கண்டுபிடித்து, அம்மிக்கல்லால் நசுக்கி எறிந்தாள். எனக்கும் சொன்னாள். நல்ல காரியம் செய்தாய் என்று மெச்சினேன். அன்று சாயங்காலம் அவன் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறான். டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி கிடையாது என்றார்கள். மாத்திரையை மட்டும் தறிக்கூடத்து வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கிறது. ஊசிக்குத்தான் சட்டம்! கைகால் உதறல் தாங்காமல் ஆறு மணிக்குக் கூட்டாளியின் ஊசியை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறைச் சுவரில் பல வருடமாக ஒரு விளம்பரத்தைப் பார்த்திருக்கிறேன். தொற்று ஏற்பட வாய்ப்பு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும் என்று. சனி மாலை ஆறிலிருந்து எண்ணினேன். செவ்வாய் மாலை ஆறோடு முடிகிறது. கையில் பதினொரு மணி நேரம்கூட இல்லை.

7:40க்குச் சேலத்தில் பேருந்து ஏறி, தாரமங்கலம் வழியாக 9:05க்கு ஜலகண்டாபுரம் சேர்ந்தேன். சுமார் 35 கிலோமீட்டர், டிக்கெட் 27 ரூபாய். அவனை அப்போதே கையோடு சேலத்துக்குக் கூட்டி வந்திருந்தால் பதினொரு மணிக்குக் காரியம் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் நாலு பேர் என்னைத் தெரிந்தவர்கள். யாராவது பார்த்துவிட்டால்? ஒரு பையனின் உயிரைவிட என் மூஞ்சி எனக்குப் பெரிதாக இருந்தது. இந்தப் பயணத்தின் முதல் குற்றவாளி நான்தான்.

9:30க்கு ஒரு தனியார் கிளினிக். ஊரும் பேரும் வேண்டாம். டாக்டர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். 400 ரூபாய். ஒரு மணி நேரம் கழித்து, "நெகட்டிவ்தான் வந்திருக்கு, நிம்மதியாப் போங்க" என்றார். மூன்று நாளைக்கு முன் நடந்ததை இந்தச் சோதனை காட்டாது என்று சுவர் விளம்பரம் படித்த எனக்கே தெரிகிறது. தடுப்பு மாத்திரை என்று கேட்டேன். அப்படியொன்று கேள்விப்பட்டதில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்து, வழியில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனை. 11:50க்குப் போய்ச் சேர்ந்தோம். சீட்டு எழுதுகிற இடத்தில் மெதுவாகத்தான் விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்தவர் வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னார்.

"ஊசி போடற கேஸா? அந்த மாத்திரை ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்கு ஊசி குத்திட்டாத்தானுங்க. இவனுக்கெல்லாம் போலீஸ்லதான் சொல்லணும்."

குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒரு பெண் இரண்டடி தள்ளி நின்றாள். கார்த்தி தலை குனிந்துகொண்டான். "இருங்க, டாக்டர் சாப்பிட்டு வரட்டும்" என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். 1:30 வரை உட்கார்ந்தோம். வந்த டாக்டர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"மாமா, ஊட்டுக்கே போயிரலாமுங்க. வந்தா வரட்டும்" என்றான் கார்த்தி.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் மேல் அல்ல. பயந்து ஓடி வருகிற பிள்ளையைத் திட்டித் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு மேடை போட்டு இளைஞர்கள் சீரழிகிறார்கள் என்று புலம்புகிறோமே, அந்த நம் லட்சணத்தின் மேல். அவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சேலம் வண்டியில் ஏற்றினேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி 3:05. நம்பிக்கை மையம் என்று பலகை போட்டிருக்கும். எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் அங்கேதான், இலவசம். பத்து நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். ஆலோசகர் ஒரு அம்மா, முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை வெளியே இருக்கச் சொன்னார். மாமாவும் இருக்கட்டுங்க என்றான் கார்த்தி. அவர் முதலில் கேட்டது, "சாப்டீங்களா தம்பி?" அடுத்து எந்த நாள், எத்தனை மணி என்று கேட்டுவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். ஏன் ஊசி போட்டாய் என்று கேட்கவே இல்லை.

4:10க்கு முதல் மாத்திரையை விழுங்கினான். இன்னும் ஒரு மணி ஐம்பது நிமிடம் பாக்கி.

"கடைசி நேரம் வரைக்கும் காத்திருக்கிற மருந்து இல்லைங்க இது. சனிக்கிழமையே வந்திருந்தா இன்னும் நல்லது" என்றார் டாக்டர்.

28 நாளைக்கான மாத்திரைச் சீட்டு எழுதுகிற நேரத்தில் ஆலோசகர் சாதாரணமாகக் கேட்டார், "அப்பா என்ன பண்றாங்க தம்பி?"

அப்பா மூன்று வருடத்துக்கு முன்பு வாழப்பாடி தாண்டி லாரி விபத்தில் போய்விட்டார். பதினாறு வயது கார்த்தி, பள்ளி விடுமுறை என்பதால், அதே லாரியில் பக்கத்து சீட்டில் இருந்தான். இவ்வளவு எனக்குத் தெரியும். மீதியை அன்றுதான் கேட்டேன்.

"உள்ளயே மாட்டிக்கிட்டோமுங்க, கிரேன் வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க. லாரி ஆரன் அமுங்கிக்கிட்டு நிக்காமக் கத்திக்கிட்டே இருந்துச்சுங்க. அப்பா பாதி நேரம் என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாருங்க. அப்புறம் புடி உட்டுட்டாருங்க. மாத்திர போட்டா அந்தச் சத்தம் கேக்காதுங்க."

"இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லீங்க. கருமாதியன்னிக்கி அழுதுட்டேனுங்க. மாமா உருமாலு கட்டயில, இனி ஊட்டுக்கு நீதான் ஆம்பள, அழுவக்கூடாதுன்னாருங்க. அப்புறம் அழுவலீங்க."

எங்கள் பக்கத்தில் அப்பா இறந்தால் கருமாதியன்று தாய்மாமன் மூத்த மகனுக்குத் தலையில் உருமால் துணி கட்டுவது வழக்கம். கட்டியது இந்தக் கைதான். வீட்டைத் தூக்கி அவன் தலையில் வைத்தோமே தவிர, அந்த ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அப்பா சாவில் என் மாமன் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன். அந்த ஊசியைத் தேடி அவன் தானாகப் போய்விடவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அனுப்பினோம்.

இனி, உங்களுக்குப் பயன்படுகிற விஷயம். இப்படி நேர்ந்தால் கிளினிக் கிளினிக்காக அலையாமல் நேராகப் பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் போவது நல்லது. நேரம் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், போய்க் கேளுங்கள். போலீஸ், வழக்கு என்று யாராவது மிரட்டினால் அங்கே நின்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த வண்டியைப் பிடியுங்கள். சண்டையைப் பிறகு எழுத்தில் புகாராகப் போடலாம், நான் போட்டிருக்கிறேன். வீட்டில் ஊசி கிடைத்தால் கோபத்தில் நசுக்காதீர்கள், அன்றே பிள்ளையை உட்கார வைத்துப் பேசுங்கள். போதைக்கும் அங்கேயே சிகிச்சை உண்டு. கார்த்திக்கு ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் சோதனையில் தொற்று இல்லை. நடுவில் ஒரு தடவை பழக்கம் திரும்பியது. மறைக்காமல் வந்து சொன்னான், மறுபடி போனோம். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "எழுதுங்க மாமா, டைம் மட்டும் சரியாப் போடுங்க" என்றான்.

அன்று திரும்பி வந்ததைச் சொல்லவில்லையே. 5:25க்கு ஜலகண்டாபுரம் வண்டி, அதே 27 ரூபாய். தாரமங்கலத்தை நெருங்கும்போது டிரைவர் ஏர்ஹாரனை நீளமாக அடித்தார். பக்கத்தில் கார்த்தியின் உடம்பு தூக்கிப் போட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, அழுவட்டுங்களா?"

"அழு சாமி" என்றேன்.

ஊர் வரும்வரை அழுதான். வண்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து என் தோளைத் தொட்டார்.

"ஏனுங்க, பையனுக்கு என்னாச்சுங்க?"

"அவங்கப்பா தவறிட்டாருங்க."

"அடப் பாவமே! எப்பங்க?"

"மூணு வருசமாச்சுங்க" என்றேன்.