நாலு விரல் மண்ணீரல்

எண்ணெயில் நனைத்த பழந்துணியால் புருஷனின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷத் தேர்வு நடக்கிற நாட்களில் சாயங்காலம் அவளுக்கு இந்த வேலை வந்து சேரும். மாணவர்கள் அவர் வயிற்றைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே வீக்கம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பேனாவால் கோடு போடுவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஐந்து கோடு.

"துணியில போட்ட சாக்பீஸ் கோடு தட்டினாப் போயிடும். இது என் உயிரை வாங்குது. ஒரு நாள் இந்தக் கோட்டு மேலயே கத்தரிக்கோலை விட்டுடறேன், தொந்தியாவது குறையும்."

"வெட்டிக்கோ. மண்ணீரலை மட்டும் தொடாத. எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அதுதான்."

அவர் புத்தகம் பைண்டு செய்கிறவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ரத்தவாந்தி எடுத்து அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். ஏதோ ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால் இடது விலாவுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு மண்ணீரல் வீங்கிவிட்டது என்றார்கள். மருந்தில் நோய் அடங்கிவிட்டது, வீக்கம் தங்கிவிட்டது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிடத் தோதான வயிறு கிடைக்காது. அதிலிருந்து வருஷா வருஷம் தேர்வுக்கு ஏழாம் கட்டில் அவருடையது.

பயந்துபோய் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது. பரீட்சை வாங்குகிற பெரிய டாக்டர் தள்ளி நிற்கும்போது, கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். "மண்ணீரல், தம்பி. நாலு விரல். கெட்டி. வலி இல்ல. கல்லீரல் கைக்குப் படாது. எழுதிக்கோ." நாலு விரல் என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. ஊரில் பாதி டாக்டர்கள் தன் வயிற்றில் ஏறித்தான் கரை சேர்ந்தார்கள் என்று கடையில் பெருமையடித்துக்கொள்வார்.

"இது யார் போட்டது?" என்றாள் தையல்காரி.

வலது விலாவுக்குக் கீழே, எந்த வருஷமும் யாரும் மை வைக்காத கல்லீரல் பக்கம், சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"கை தவறிப் பட்டிருக்கும்."

அவள் துடைத்தாள். மை போனது. அவள் கட்டைவிரல் அந்த இடத்தை விட்டு வரவில்லை. "இங்க ஏதோ கல்லாட்டம் இருக்குங்க."

"மத்தியானம் நீ போட்ட சோறு."

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த ஐந்து பேரையும் அவர் நினைத்துப் பார்த்தார். ஒருவன் மட்டும் வலது பக்கத்தில் வெகுநேரம் கையை வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இவர் பாடத்தை ஒப்பித்திருந்தார். பெரிய டாக்டர் வந்து கேட்டபோது அவன் சொன்னது, "கல்லீரல் கைக்குப் படலை சார்." தன் விரல் சொன்னதை விட்டுவிட்டு இவர் வாய் சொன்னதை நம்பியிருக்கிறான்.

மறுநாள் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போய்ப் படுத்தார்.

முதலில் வந்தவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். "என்னண்ணே, இன்னிக்கு மௌன விரதமா?"

"நீயே பாரு தம்பி."

"பாக்க என்ன இருக்கு? உங்களைப் பத்தி எங்க ஹாஸ்டல் நோட்டுல முழுப் பக்கமே இருக்கு." பேருக்குக் கையை வைத்து எடுத்தான், கோடு போட்டான். பெரிய டாக்டர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவன் சொன்னான். "மண்ணீரல் நாலு விரல். கெட்டி. வலி இல்லை. கல்லீரல் கைக்குப் படவில்லை."

அதே வரிசை. கெட்டி என்றபின் இவர் மூச்சு வாங்க நிறுத்துவாரே, அந்த இடத்தில் அவனும் நிறுத்தினான். அடுத்தவனும் அப்படியே, அதற்கடுத்தவனும் அப்படியே. இவர் உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்திருக்க, இவர் குரல் மட்டும் வேறு வேறு வாய்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷமாகத் தன்னை யாருமே நிஜமாகத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாலாவதாக வந்த பெண் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கட்டிலோரம் மண்டியிட்டாள். இடது பக்கம் முடித்து அவள் கை வலது பக்கம் நகர்ந்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"மண்ணீரல்மா. நாலு விரல். கல்லீரல் கைக்குப் படாது. எழுதிக்கோ."

"பேசாம இருங்க ஐயா. மூச்சை நல்லா இழுங்க."

இழுத்தார். உள்ளே ஏதோ ஒன்று இறங்கி வந்து அவள் விரலில் மோதியதை அவரும் உணர்ந்தார். இத்தனை நாள் அது தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு, தன்னோடு படுத்து எழுந்திருக்கிறது. அவள் கை அசையவில்லை. பிறகு பேனாவை எடுத்துக் குறி போட்டாள். நேற்றைய மையின் சுவடு துளிகூட இல்லை. ஆனாலும் அதே இடம்.

பெரிய டாக்டர் வந்தார்.

"கல்லீரல் மூணு விரல் சார். மேடு பள்ளமா இருக்கு. கல்லு மாதிரி."

"ஏழாம் கட்டில்லயா? யார் கட்டில்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். கையில படுது."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இவர் வயிற்றைப் பார்த்து முதல் குறிப்பு எழுதியவர் இந்தப் பெரிய டாக்டர்தான். அப்புறம் எல்லா வருஷமும் கால்மாட்டோடு சரி. அவர் இப்போது பக்கத்தில் வந்து கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாமல் பார்த்துக்கொள்ள அவர் படுகிற பாடு தாடையில் தெரிந்தது.

"நீ போம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் தடுப்புத்திரைக்கு அப்பால் போனாள்.

"பசங்க மேல தப்பில்ல சார்" என்றார் பைண்டர். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வருஷா வருஷம் நான்தான்."

பெரிய டாக்டர் சட்டையை இழுத்து மூடி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகத் தானே போட்டுவிட்டார்.

"என்ன சார் இருக்கு அங்க? எத்தனை நாளா இருக்கு?"

கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்து, அவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.