கூட்டி எழுதிய நாலு வயசு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம், ஆடி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமையில் அம்மாக்கண்ணுவின் பேரை வெட்டினார்கள். பேர் வெட்டுவது என்றால் கத்தி, அரிவாள் சமாசாரம் ஒன்றும் இல்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெயருக்கு மேலே சிவப்பு மையால் ஒரு கோடு, அவ்வளவுதான். அறுபது வயது நிறைந்துவிட்டது, நாளையிலிருந்து கொழுந்து பறிக்க மலைக்கு வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம். இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வருஷத்துக்கு நாலைந்து பேருக்கு இப்படிக் கோடு விழும். விழுந்தவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயம் என்கிற வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து இருமத் தொடங்கிவிடுவார்கள். அம்மாக்கண்ணுவுக்கு இருமல் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வராமல் என்ன செய்யும்? அவளுக்கு அறுபது ஆகவே இல்லை. ஐம்பத்தாறுதான்.

புத்தகத்தில் தப்பாக எழுத வைத்தது கிளாக்கரும் இல்லை, கங்காணியும் இல்லை. அவளைப் பெற்ற மகராசிதான். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரைப் பேர் போடுவார்கள். பெரியவர்களோடு சரிக்குச் சரி நின்று பறித்தாலும் பாதிச் சம்பளம். பதினாறு முடிந்தால்தான் முழுப் பேர். அம்மாக்கண்ணு பன்னிரண்டு வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்து நின்றாள். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், அவள் அம்மா மகளைக் கங்காணி முன்னால் இழுத்து நிறுத்தி, "பதினாறு முடிஞ்சிருச்சுங்க. பாருங்க, எம்புட்டு ஒசரம் நிக்கிறான்னு" என்று சொல்லிவிட்டாள். பிறப்புச் சீட்டு யாரிடம் இருந்தது? அங்கே சொன்னதுதான் சாசனம். எழுதிவிட்டார்கள். அந்த லயங்களில் அப்படிக் கூட்டிச் சொல்லாத தாய்மார் குறைவு. பிள்ளைக்கு வயிறு நிறையவேண்டுமே என்று செய்த காரியம். நாற்பத்து நாலு வருஷம் கழித்து அந்தக் கணக்கு எங்கே வந்து நிற்கும் என்று எவள் யோசித்தாள்?

"எனக்குச் சோறு போடணும்னு என் நாலு வருசத்த எனக்கு முன்னாடியே தின்னுட்டுப் போயிட்டா புண்ணியவதி" என்று அம்மாக்கண்ணு செத்துப்போன தாயைத் திட்டுவாள். திட்டி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

முதல் மூன்று மாதம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. விடிகாலை ஐந்து மணிக்குப் பெரட்டுத் தப்பு அடித்தால் அவள் உடம்பு தானாக எழுந்துவிடும். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, கூடையை எடுக்கக் கை நீட்டிய பிறகுதான் ஞாபகம் வரும். மருமகள் ராசம்மா பார்த்தும் பார்க்காதவளாகத் தேயிலைத் தண்ணியை ஆற்றிக்கொண்டிருப்பாள். நல்ல பெண், சும்மா சொல்லக்கூடாது. அவளும் மகன் சோலைமலையும் வேலைக்குப் போன பிறகு அந்த ஒற்றை அறைக் காம்பராவை அம்மாக்கண்ணு நாலு தடவை பெருக்குவாள். தேய்த்த செம்பையே திரும்பத் தேய்ப்பாள். புருஷன் கந்தப்பன் செத்து ஏழு வருஷம். சண்டை போடக்கூட ஆள் இல்லை. கை நிறையப் பலத்தை வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருப்பது, அப்பப்பா, பசியைவிடக் கொடுமை.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை ஸ்டோரில் காவல் பார்க்கிற பழனியாண்டி ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இத வச்சுக்கங்க. ஒங்களுக்கும் ஒரு பேச்சுத் தொணை."

"எனக்கு எதுக்குடா நாயி? நானே கட்டிப் போட்ட மாதிரி கெடக்கேன். தூக்கிட்டுப் போ."

அவன் தூக்கிக்கொண்டு போகவில்லை. வாசலில் வைத்துவிட்டு நழுவிவிட்டான். சாயங்காலத்துக்குள் அந்தக் குட்டி கம்பளியின் ஒரு மூலையையும், சோலைமலையின் கவ்வாத்துக் கத்தி உறையையும், பக்கத்துக் காம்பரா வீரம்மா காயப்போட்டிருந்த ரவிக்கையையும் மென்று தீர்த்திருந்தது. அதட்டினால் முன்னங்காலைப் பரப்பிக்கொண்டு எதிர்த்து நின்று குரைத்தது. "அடி ஆத்தீ, சூரசம்காரத்துச் சூரன் கணக்கா நிக்கிறான் பாருடி!" என்று அம்மாக்கண்ணு சிரித்தாள். பேர் வெட்டிய பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். குட்டிக்குச் சூரன் என்று பேர் நின்றுவிட்டது.

ஆறு மாதத்தில் சூரன் அவள் நாளையே மாற்றி எழுதிவிட்டது. பெரட்டுத் தப்பு கேட்டதும் அவளுக்கு முன்னால் அது எழுந்து கம்பளியைக் கடித்து இழுக்கும். முதலில் பீலித் தண்ணீருக்கு. அங்கே குழாயிலிருந்து விழும் தண்ணீரோடு அது மல்லுக்கட்டுகிற வரைக்கும் காத்திருக்கவேண்டும். பிறகு செடியைக் கவ்வாத்து வெட்டிக் கழித்த மலைக்கு ஏறி, விறகுக்குக் காய்ந்த மிலாறுக் குச்சி பொறுக்குவாள். அவள் கட்டுகிற கட்டிலிருந்து சூரன் ஒவ்வொரு குச்சியாக உருவும். வந்ததும் லயத்துக்குப் பின்னால் முட்டைக்கோஸ் நட்ட கோவாத் தோட்டம். அவள் நட்டதை அது தோண்டும். அது தோண்டியதை அவள் நடுவாள். "நீ யாருக்குடா பொறந்த? பன்னிக்கா?" என்று கத்துவாள். மத்தியானம் ரொட்டியும் சம்பலும் ஆளுக்குப் பாதி. அதற்குப் பிறகும் அந்தச் சனியனுக்குக் கால் நிற்காது. கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மலை உச்சிக்கு ஓடுவாள். ஆமாம், ஓடுவாள். அங்கிருந்து பார்த்தால் கொத்மலைப் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். மூச்சு வாங்க அங்கே உட்கார்ந்திருக்கும்போது, உடம்பில் வேர்வை வழிகிறதே, அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வழியில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கேலி செய்வார்கள்.

"ஏக்கா, நீ நாய மேய்க்கிறியா, நாயி ஒன்ன மேய்க்குதா?"

"நாங்க ரெண்டு பேரும் துரைமாருடி. மல சுத்திப் பாக்க வந்திருக்கோம். பேசாம பறிங்க."

பேச்சு அப்படித்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்து அவர்களுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைவிட மெதுவாகப் பறிக்கிறவள் எல்லாம் மலையில் நிற்கிறாள். நெஞ்சு எரியும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தோட்டத்து ஆபீஸான கந்தோருக்கே போய்க் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டுவிட்டாள். "ஐயா, எனக்கு இன்னும் மூணு வருசத்துக்கு மேல இருக்குங்க. எங்கம்மா கூட்டிச் சொல்லிட்டா. என் பேரத் திருப்பிப் போடுங்கய்யா."

கிளாக்கர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. "அம்மாக்கண்ணு, பொஸ்தகத்துல வயசு ஏறும், எறங்காது. யாராவது கவுருமேந்து மாத்தயா ஒன் வயசு இதுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதக் காட்டி நான் துரைக்கிட்ட பேசுறேன். இல்லாட்டி என்னால ஆகாது."

கவர்ன்மென்டு மாத்தயா என்றால் பெரிய உத்தியோகஸ்தர்; அவருக்கு அவள் எங்கே போவாள்? ஆனால் அந்த வார்த்தையை மட்டும் பத்திரமாக மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மாத்தயா தானாகவே வந்தார். தோட்டத்து ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்கலாமா என்று விசாரிக்க. பத்து வருஷத்துக்கு முன் கந்தப்பன் போட்ட மனு இப்போதுதான் அசைந்து கொடுத்திருந்தது. சோலைமலை இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன், குடும்பம் தோட்டத்தைவிட்டு எங்கேயும் போகவில்லை என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம், செக்ரோலில் அம்மாக்கண்ணுவின் பதிவுதான். விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் சோலைமலை அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அம்மா, வயசு கேட்டா அறுபத்தொண்ணுன்னு சொல்லிரு."

"எனக்கு அம்பத்தேழுதானேடா?"

"தெரியும்மா. ஆனா பொஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு? மேல்கணக்கு லயத்து நாகலிங்கம் வீட்டுத் தாள எதுக்குத் தள்ளுனாங்க தெரியுமா? அவுக அப்பா பேரு ரெண்டு தாள்ல ரெண்டு மாதிரி இருந்துச்சு. அம்புட்டுத்தான். பொஸ்தகமே பொய்யின்னு நீயே சொல்லிட்டா, அப்பறம் நான் எங்க பொறந்தவன்னு யாரு நம்புவாங்க?"

அவள் சூரனின் காதில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கம் மகனுடைய ஊர். இன்னொரு பக்கம் அவளுடைய மூன்று வருஷம். இரண்டையும் ஒரே ஆள், ஒரே பேனாவால் எழுதப் போகிறார். இப்படி ஒரு நாளைத்தான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள், அது இப்படி வந்து நிற்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சூரனை வாசல் தூணில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் போனார்கள். கட்டினால் நிற்கிற பிறவியா அது? கந்தோர் வராந்தாவில் இவர்களுடைய முறை வந்து, அம்மாக்கண்ணு மேசை முன்னால் போய் நிற்கவும், கடித்த கயிற்றின் மிச்சத்தை இழுத்துக்கொண்டு சூரன் வந்து சேரவும் சரியாக இருந்தது. வந்தது சும்மா இருந்ததா? நாற்காலியில் சாத்தியிருந்த மாத்தயாவின் குடையைக் கவ்விக்கொண்டு ஒரே பாய்ச்சலாக எதிர்மலைப் படிக்கட்டில் ஏறிவிட்டது.

"அடேய் சூரா! போடுடா கீழ!"

யோசித்திருந்தால் அவள் நின்றிருப்பாள். யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி, பாதி மலையில் அதன் கயிற்றை மிதித்து நிறுத்தி, குடையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். எண்பது படி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கவில்லை. குடையை முந்தானையில் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் மகனுடைய முகத்தைப் பார்த்தாள். இரத்தமே இல்லை அதில்.

மாத்தயா புத்தகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். சிங்களவர்தான், ஆனாலும் அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும்.

"அம்மே, இந்தப் பொத்தகத்துல அறுபத்தொண்ணு. என்ட அம்மாவுக்கு அறுபது. அவங்களுக்கு வீட்டுப் படி ஏற ஏலாது. நீங்க சரியான வயசச் சொல்லுங்க. பயப்பட வேணாம். நான் அப்பிடியே எழுதுறேன்."

நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமாகிவிட்டது. அதட்டிக் கேட்டிருந்தால் அவள் மளமளவென்று பொய்யைச் சொல்லியிருப்பாள். இவ்வளவு பிரியமாக அவளிடம் யாரும் வயதைக் கேட்டதில்லை. பேனா தாளுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிளாக்கர் ஐயாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்; அவருக்கு எல்லாம் தெரியும். ஐம்பத்தேழு என்று ஒரு சொல். நாளைக்கே கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறலாம். அவளுக்கு உள்ளங்கை அரித்தது.

"அறுபத்தொண்ணுங்க மாத்தயா" என்றாள்.

"அப்ப எப்பிடி அப்பிடி ஓடினீங்க?"

"நான் எங்கங்க ஓடுனேன்? கயித்தப் பிடிச்சேன். நாயி இழுத்துட்டுப் போயிருச்சு."

சொல்லிவிட்டு ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, மேசை விளிம்பைப் பிடித்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மாத்தயா அவள் இடுப்பில் ஊன்றிய கையைப் பார்த்தார், துடைத்து வைத்த குடையைப் பார்த்தார். அப்புறம் அறுபத்தொன்று என்றே எழுதினார். பெருவிரலில் மை தடவி, காட்டிய இடத்தில் அழுத்தினார்கள். "ஹரி, எல்லாம் சரி. உங்கட தாள்ல பிழை ஒண்டும் இல்ல" என்று சோலைமலையிடம் சொன்னார். சோலைமலை அவரைக் கும்பிட்டான். அம்மாவை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. தொழிற்சாலைப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

கந்தோரிலிருந்து லயத்துக்குப் போகிற பாதை முழுக்க அந்த வராந்தாவிலிருந்து தெரியும். அம்மாக்கண்ணுவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் நடந்தாள். ஒரு அடி வைத்து, நின்று, இடுப்பைப் பிடித்து, மறு அடி வைத்து. சூரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்னால் ஓடிப் பார்த்தது, கயிறு இறுகியதும் திரும்பி வந்து அவள் முழங்காலை முட்டியது, மறுபடி இழுத்தது. மலையில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இன்றைக்கு ஒருத்தியும் கேலி பேசவில்லை.

"அடங்குடா சாமி. ஒனக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒருநாள் அடங்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். பத்து நிமிஷப் பாதைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

காய்ச்சல் என்று அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்திருந்த ராசம்மா, மாமியார் வருகிற வருகையைப் பார்த்துப் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னத்தே ஆச்சு? கால்ல அடியா?"

"அடி ஒண்ணும் இல்லடி. வயசாயிருச்சு" என்றாள் அம்மாக்கண்ணு. "இப்பத்தான் ரேகை வச்சுக் குடுத்துட்டு வர்றேன்."