நான் இழுத்த கடிவாளம்

முதலில் இடது தோளில்தான் காயங்கள் வந்தன. கதவு நிலையில் இடித்துக்கொள்வேன். வில்லியனூரில் எங்கள் பாத்திரக்கடையில் இடப்பக்கம் அடுக்கியிருந்த குடங்கள் என் முழங்கை பட்டு மூன்று முறை சரிந்தன. "இன்னா கலா, பாத்து வரக் கூடாதா?" என்றார் கணவர். நான் பார்த்துத்தான் வந்தேன்.

கண் மருத்துவர் பார்வைப் புலச் சோதனை (நேரே பார்த்தபடி, சுற்றிலும் தோன்றும் ஒளிப்புள்ளிகள் தெரியும்போது பொத்தானை அழுத்துவது) செய்தார். எனக்குக் கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை வலியில்லாமல் அரித்துவிடும் நோய்). இடது கண்ணில் பெரும்பகுதி போயிருந்தது. வலது கண்ணிலும் மூக்குப் பக்கம் தொடங்கிவிட்டிருந்தது.

"போனது திரும்பாதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். வண்டி ஓட்டுறீங்களா?"

"ஸ்கூட்டி, சார்."

"இன்னையோட நிறுத்திடுங்க."

நிறுத்தினேன். குதிரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒதியம்பட்டுப் பக்கம் ஒரு சிறிய குதிரையேற்றப் பயிற்சிக்கூடம். மகளைச் சேர்க்கத்தான் போனேன். அவள் ஒரே மாதத்தில் சலித்து நின்றுவிட்டாள், நான் தங்கிவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ராணி என்ற பெண்குதிரையைத்தான் எனக்குக் கொடுப்பார்கள். அதன் முதுகில் இருக்கும்போது நான் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. என் நோய் எட்டாத ஒரே இடம் அதுதான் என்று நம்பினேன். எனக்கும் சேர்த்து அது பார்த்துக்கொண்டிருந்தது என்பது புரியவில்லை. வீட்டில், "சொட்டு மருந்து போட்டா போதும்னு சொன்னாரு" என்று முடித்துவிட்டேன்.

ஒரு காலை, கரும்புத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் திரும்பினேன். குதிரைகளைப் பராமரிக்கும் கன்னியப்பன் அண்ணன் இடப்பக்கம் குனிந்து வேலிக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே யாரும் இல்லை. கறுப்பாகக்கூட எதுவும் தெரியாது. வெறும் பாதை இருப்பதாகவே மூளை காட்டும். ராணி சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கியது. அடம்பிடிக்கிறது என்று நினைத்து இடது கடிவாளத்தை இழுத்தேன். அது மறுத்தது. இன்னும் பலமாக இழுத்தேன்.

அதன் தோள் இடித்து அவர் வேலியின் கல்தூணில் விழுந்தார். காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோளை இணைக்கும் எலும்பு) முறிந்தது.

பயிற்சிக்கூட உரிமையாளர் ஓடிவந்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"குதிரை மிரண்டுடுச்சு" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு எளிதாக வந்தது.

பத்து நாள் கழித்துக் கன்னியப்பனின் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தார். அவர் பழத்தைப் பார்க்கவில்லை.

"ராணி என்னைப் பாத்துட்டாம்மா. வெலகத்தான் பாத்தா. நீங்கதான் இஸ்துட்டீங்க. ஏம்மா அப்பிடிப் பண்ணீங்க?"

"எனக்கு எடது பக்கம் தெரியாதுண்ணே. கண்ணு போயிடுச்சு."

"எப்பத்திலிருந்து?"

"ஆறு மாசமா தெரியும்."

கட்டிய கையை மடியில் மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லியிருந்தா நான் கூடவே நடந்து வந்திருப்பேனே" என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியே இருக்கலாம்.

அங்கிருந்தே உரிமையாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆளை இடிக்கும் குதிரை பிள்ளைகள் வரும் இடத்தில் வேண்டாமென்று ராணியை முந்தின நாள்தான் கொடுத்துவிட்டிருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒரு வெளியூர்க்காரர் ஓட்டிப்போயிருந்தார். திருப்பிக் கேட்டுப் பார்த்தோம். கொடுக்கவில்லை.

அன்று மாலை கணவரிடமும் சொன்னேன். "என்கிட்டகூடவா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை (கண்ணில் தேங்கும் நீர் வெளியேறச் சிறு வழி அமைப்பது) நடந்தது. அழுத்தம் இறங்கியது. மிச்சமிருந்த பார்வை தங்கியது. கன்னியப்பனின் கை தோளுக்கு மேலே இன்னும் முழுதாக எழுவதில்லை.

இந்த நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். விருப்பமானதை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. இப்போதும் வாரம் ஒரு நாள், வேலியிட்ட வட்டத்துக்குள், வயதான ஒரு குதிரையில் நான் ஏறுகிறேன். நடுவில் நின்று கன்னியப்பன் அண்ணன், "எடது பக்கம் ஆளு... இப்ப போலாம்" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலை முதலிலேயே கேட்டிருக்கலாம். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லுங்கள். மறைத்தால் விழுவது நாமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

என் இடப்பக்கம் இப்போது எனக்குத் தாமதமாகத்தான் வருகிறது. முகத்தை முழுதாகத் திருப்பி, தேடிப் பிடிக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் மாலை நேரம் கடைத்தெருவில் பேண்டு சத்தம் கேட்டால் கல்லாவை விட்டு வாசலுக்கு ஓடுகிறேன். ஊர்வலம் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். நான் திரும்பி, கூட்டத்தில் தேடி, குதிரையைக் கண்டுபிடிப்பதற்குள் அது கடந்து போயிருக்கும். வால் தெரியும். ராணியா என்று தெரியாது.